எட்டு நாள் இசை முகாமா, வாராவாரம் ரீச்சரா?

எங்கள் வீட்டில் இந்த ஆகஸ்ட் விடுமுறைக்கு மூன்று பிள்ளைகள் நிற்பார்கள். மகளுக்கு எட்டு வயது, மகனுக்குப் பதினான்கு, கனடாவில் இருந்து வரும் அக்காவின் மகளுக்குப் பதினொன்று. வருகிற திகதியைச் சொல்வதற்கு முன்பே அக்கா போனில் கேட்டது இதைத்தான்: "அங்கே பிள்ளைகளுக்கு மியூசிக் காம்ப் ஏதும் இருக்கா?" அவளுக்கு அது பழகிய விஷயம். அங்கே யூலையும் ஆகஸ்ட்டும் பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும். தாயும் தகப்பனும் வேலைக்குப் போக, பிள்ளைகள் பகல் முகாம்களுக்குப் போய் வருவார்கள். இப்போது யாழ்ப்பாணத்திலும் விடுமுறை வந்தால் இசை முகாம் அறிவித்தல்கள் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிடுகின்றன. போன கிழமை மட்டும் எனக்கு மூன்று வந்தன.

நான் கொக்குவிலில் இருக்கிறேன். சின்ன வயதில் நான்கு வருடம் வயலின் படித்தேன். 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் வலிகாமத்தை விட்டு எல்லாரும் நடந்தபோது வயலின் வீட்டிலேயே நின்றுவிட்டது; திரும்பி வந்தபோது அது இல்லை. அதன் பிறகு நான் வில்லைத் தொடவில்லை. பிள்ளைகளின் இசைப் படிப்பில் நான் கொஞ்சம் கூடுதலாக யோசிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இந்த முறை மூன்று பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு ஒரு தாளில் எழுதி எழுதிப் பார்த்தேன். எழுதியதை இங்கே விரிவாகப் போடுகிறேன். இதே கேள்வியோடு இருக்கும் வேறு அம்மா அப்பாமாருக்கு உதவும்.

என் முன்னால் இருந்த வழிகள் நான்கு. எட்டு நாள் இசை முகாம், காலை 8.30 முதல் 1.30 வரை. வழக்கமாகப் படிக்கும் ரீச்சரிடமே விடுமுறையில் கூடுதல் நாள் போவது. சென்னையில் இருக்கும் ஓர் ஆசிரியரிடம் இணையவழியில் படிப்பது. நான்காவது, வகுப்பு ஒன்றும் வேண்டாம், நல்லூர்த் திருவிழா நடக்கிறது, போய்க் கேட்கட்டும் என்று விடுவது.

முதலில் ஒரு கணக்கு. முகாம் எட்டு நாள், நாளுக்கு ஐந்து மணித்தியாலம்: 40 மணித்தியாலம். ரீச்சரிடம் கிழமைக்கு ஒரு மணித்தியாலப்படி வருடத்தில் 40 கிழமை போனால் அதுவும் 40 மணித்தியாலம். இரண்டும் ஒரே அளவு என்று பார்த்தால் முகாம்தான் லாபம் போலத் தெரியும். ஒரு வருடப் படிப்பை எட்டு நாளில் முடித்துவிடலாமே!

அப்படி முடியாது. ஐந்து மணித்தியாலத்தில் பிரார்த்தனைக்கும் வரவு எடுப்பதற்கும் அரை மணித்தியாலம், தேத்தண்ணிக்கும் சிற்றுண்டிக்கும் அரை மணித்தியாலம், விளையாட்டுக்கு ஒரு மணித்தியாலம் போனால் இசைக்கு மூன்று மணித்தியாலம் மிஞ்சும். எட்டு நாளுக்கு 24. அதில் வாத்திய வகுப்பு நாளுக்கு ஒரு மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது பிள்ளைகளுக்கு ஐந்து வயலின் இருந்தால், ஒரு பிள்ளையின் கையில் வயலின் இருப்பது நாளுக்குப் பதினைந்து நிமிடம். எட்டு நாள் முடிய, இரண்டு மணித்தியாலம். அவ்வளவுதான்.

இன்னொன்று, கைக்கும் தொண்டைக்கும் பழக்கம் ஏறுவது இடைவெளி விட்டுப் பழகும்போதுதான். ஒரே நாளில் மூன்று மணித்தியாலம் பழகுவதை விட, ஆறு நாளில் நாளுக்கு அரை மணித்தியாலம் பழகுவது நிலைக்கும். நடுவில் வரும் தூக்கமும் பழகியதை உறுதியாக்குகிறது. ஆரம்பப் பாடமான சரளி வரிசையை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், பாடிப் பழகிய எவருக்கும் இது தெரியும். முதல் நாள் மூன்றாம் காலத்தில் இடறிய இடம், நான்கு கிழமை கழித்துத் தானாகவே சரியாக வரும். முகாம் அந்த நான்கு கிழமையைத் தருவதில்லை.

ஆகவே "முகாமுக்குப் போனால் வயலின் பழகிவிடுவாள்" என்ற எண்ணத்தில் காசு கட்ட வேண்டாம். இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். போன வருடம் மகளை ஒரு முகாமுக்கு அனுப்பினேன். பெரிய மண்டபம், அறுபதுக்கு மேல் பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள். நான்காம் நாளில் இருந்து கடைசி நாள் நிகழ்ச்சிக்கான ஒத்திகை மட்டும்தான். அவள் பின் வரிசையில் நின்று வாயசைத்தாள். கையில் ஒரு சான்றிதழும் ஒரு ரீசேட்டுமாக வீட்டுக்கு வந்தாள். "எங்கே, ஒரு பாட்டுப் பாடு" என்றால் பல்லவி மட்டும் வந்தது. அந்தச் சான்றிதழைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் மனம் கனக்கிறது, ஏனென்றால் முதல் நாள் காலையில் அவள் எவ்வளவு ஆசையோடு வெளிக்கிட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

அப்படியிருந்தும் முகாமை நான் தாளில் இருந்து வெட்டவில்லை. காரணம் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் இசை படித்தவர்களுக்குப் பஞ்சம் இல்லை. யாழ் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலைப் பிரிவு மருதனார்மடத்தில் இருக்கிறது. அங்கே படித்தவர்கள் காங்கேசன்துறை வீதி நெடுக, கொக்குவில், இணுவில், சுன்னாகம் என்று வீட்டுக்கு வீடு வகுப்பு எடுக்கிறார்கள். பரீட்சைக்கும் வழி இருக்கிறது. 1931இல் தொடங்கிய வட இலங்கை சங்கீத சபை தரம் தரமாகப் பரீட்சை வைக்கிறது. ஆசிரியர் தரம் சித்தியடைந்தால் கலாவித்தகர் பட்டம். ஒரு பிள்ளை ஒழுங்காகப் படித்து மேலே போக வேண்டிய படி எல்லாம் ஏற்கெனவே இங்கே இருக்கிறது. இல்லாதது கூட்டாளிகள். என் மகள் ஒரு ரீச்சரின் முன்னால் தனியே உட்கார்ந்து பாடுகிறாள், வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்திவிட்டுத் தனியே பழகுகிறாள், பரீட்சை மண்டபத்திலும் தனியே நிற்கிறாள். இன்னொரு பிள்ளையின் குரலோடு சேர்ந்து பாடிய நேரம் என்று பார்த்தால் பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனை மட்டும்தான்.

நல்ல முகாம் தரக்கூடியது அந்தக் கூட்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளை போன வருடம் போனது வேறோர் இடம். பதினெட்டுப் பிள்ளைகள்தான், இரண்டு ஆசிரியர்கள். ஒருநாள் அவளை ஏற்றி வரப் போனபோது கொஞ்சம் முந்திப் போய்விட்டேன். மாமரத்தின் கீழ் பிள்ளைகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கூட்டம் "தகிட, தகிட" என்று மூன்று மூன்றாகச் சொல்லிக் கை தட்டியது. மற்றது "தகதிமி, தகதிமி" என்று நான்கு நான்காக. முதலில் ஒரே குழப்பம், ஆளையாள் பார்த்துச் சிரிப்பு. ஆசிரியர் நிறுத்தவில்லை. "பன்னிரண்டில் ரெண்டு பேரும் சந்திப்பீங்கள், அதுவரைக்கும் விடாதேங்கோ" என்றார். மூன்றாம் தடவை பன்னிரண்டு முடிந்து இரண்டு கூட்டமும் ஒன்றாக முதல் தட்டில் வந்து விழுந்தபோது பிள்ளைகள் கத்திய கத்தல் எனக்கு மறக்காது. அதன் பிறகு ஐந்துக்கு "தகதகிட", ஏழுக்கு "தகிட தகதிமி" என்று போய்க்கொண்டே இருந்தார்கள். நேரம் முடிந்தும் எழும்பவில்லை.

இதை வீட்டில் தனியே ஒரு பிள்ளை செய்ய முடியாது. ரீச்சரின் ஒரு மணித்தியாலத்திலும் இதற்கு நேரம் இல்லை. அவருக்குப் பாடத்திட்டம் இருக்கிறது, அலங்காரம் முடிய வேண்டும், கீதம் தொடங்க வேண்டும். எதிரில் இருப்பவர் வேறு கணக்கில் போகும்போது தன் கணக்கை விடாமல் பிடிப்பது, அதே நேரம் அவரையும் கேட்பது, இசையில் பாதி அதுதான். தேவாலயப் பாடகர் குழாமில் பாடும் பிள்ளைகளுக்கு இது சின்னதிலேயே கிடைத்துவிடுகிறது. அவர்கள் வெவ்வேறு குரல் வரிசையைப் பிடித்துப் பாடிப் பழகுகிறார்கள். கர்நாடக சங்கீதம் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்புக் குறைவு.

கணக்கையும் மறுபடி பாருங்கள். வயலின் ஐந்துதான் என்றால் பிள்ளைக்குப் பதினைந்து நிமிடம். குரலும் கையும் ஒவ்வொரு பிள்ளையிடமும் இருக்கிறது. பாட்டும் "தகிட, தகதிமி" போன்ற சொற்கட்டும் சொல்லித் தரும் முகாமில் மூன்று மணித்தியாலமும் எல்லாப் பிள்ளைகளும் இசைக்குள் இருப்பார்கள். ஆகவே என் முடிவு இப்படி வந்தது: முகாம் என்றால் பாட்டும் தாளமும் உள்ள முகாம். வாத்தியத்தை ரீச்சரிடம் விடுவோம். ஆறு வாத்தியம் எட்டு நாளில் என்று விளம்பரம் போடுகிற முகாம்கள் எனக்கு வேண்டாம்.

சரி, இனி வயது. மகனின் விஷயம் வேறு. அவன் மிருதங்கம் படிக்கிறான், நன்றாகப் பாடவும் செய்வான். இப்போது ஆறு மாதமாக மகரக்கட்டு. குரல் திடீரென்று உடைகிறது, மேல் ஷட்ஜம் எட்டுவதில்லை. ஆண் பிள்ளைகளுக்கு இந்த வயதில் குரல்வளை வளர்ந்து குரல் சுமார் ஒரு ஸ்தாயி இறங்கும். சில பிள்ளைகளுக்கு அது சீராவதற்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். சின்னப் பிள்ளைகளையும் பெரிய பையன்களையும் ஒன்றாக உட்கார வைத்து ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதியில் பாட வைத்தால் பையன் ஒன்றில் கத்துவான், இல்லையென்றால் வாயை மூடிக்கொள்வான். கத்தினால் தொண்டை கெடும். வாயை மூடினால் அதைவிடக் கெடுதல். தனக்குப் பாட வராது என்று முடிவு கட்டிவிடுவான். ஆகவே பதின்ம வயதுப் பையனை முகாமுக்கு அனுப்புவதென்றால் "சுருதி பிரித்துத்தான் பாட வைப்பீர்களா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வி விளங்காத இடத்தில் சேர்க்காதீர்கள்.

நான் கேட்ட இரண்டு முகாம்களில் ஒன்றில், எல்லாரும் ஒரே மண்டபம், ஒரே சுருதி என்றார்கள். மற்றதில் பதின்மூன்றுக்கு மேல் உள்ளவர்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது, ஆனால் மிருதங்கத்துக்கு ஆள் இல்லை. மகனுக்கு இரண்டும் பொருந்தாது. அவனுக்கு அவனுடைய மாஸ்டரிடமே கிழமைக்கு மூன்று நாள் போவதுதான் சரி. மாஸ்டரும் விடுமுறையில் நேரம் இருக்கிறது என்றார். பள்ளிக்கூட நாட்களில் ரியூசன் முடிந்து இரவு ஏழு மணிக்கு, சோர்ந்துபோன கையோடு போய் உட்காருகிறவன், காலை எட்டு மணிக்குப் புதுக் கையோடு உட்காருவது பெரிய வித்தியாசம். சாதாரண தரப் பரீட்சை நெருங்குகிறது, விடுமுறையிலும் ரியூசனை விடலாமா என்று என் கணவர் கேட்டார். ரியூசனைப் பின்னேரத்துக்கு மாற்றினோம். காலை மிருதங்கத்துக்குத்தான்.

இணையவழிப் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நல்ல ஆசிரியரைச் சென்னையில் இருந்தபடியே பெறலாம், இரண்டு ஊருக்கும் நேரமும் ஒன்று. ஏற்கெனவே அடித்தளம் உள்ள பிள்ளைக்கு, கீர்த்தனையைத் திருத்திக்கொள்ள அது நன்றாகவே உதவும். ஆனால் குரல் போய்ச் சேரத் தாமதம் ஆகும். ஆசிரியரும் பிள்ளையும் சேர்ந்து பாடவோ ஒரே தாளம் போடவோ முடியாது. ஒருவர் பாடி முடிய மற்றவர் பாட வேண்டும். சுருதிப் பெட்டியின் ஒலியைப் பின்னணி இரைச்சல் என்று நினைத்து ஸூம் தானாகவே அடக்கிவிடும். அமைப்புக்குள் போய் 'ஒரிஜினல் சவுண்ட்' என்பதைப் போட்டுவிட வேண்டும். இது தெரியாமல் எத்தனையோ பிள்ளைகள் மாதக்கணக்கில் ஆசிரியருக்குச் சுருதியே கேட்காமல் பாடிக்கொண்டிருக்கிறார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு, அதுவும் கூட்டாளிகள் தேடும் விடுமுறையில், இது வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

நான்காவது வழிதான் எல்லாரும் குறைத்து மதிப்பிடுவது. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள், பெரும்பாலும் ஆகஸ்ட்டை ஒட்டியே வரும். காசு இல்லாமல், ஒலிபெருக்கி இல்லாமல், சில அடி தூரத்தில் நின்று நாதஸ்வரமும் தவிலும் கேட்கலாம். சுவாமி புறப்படும்போது வாசிக்கும் மல்லாரி கம்பீரநாட்டை ராகத்தில் எழும்புவதை ஒரு பிள்ளை நெஞ்சில் வாங்கிக்கொண்டால், பிறகு ரீச்சர் அந்த ராகத்தின் ஆரோகணத்தைச் சொல்லும்போது அது தாளில் உள்ள எழுத்தாக இருக்காது. இது நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பேர்போன அளவெட்டியும் இணுவிலும் இருக்கிற மண். தவில் மேதை தெட்சணாமூர்த்தி, 1933 முதல் 1975 வரை மட்டுமே வாழ்ந்தவர், தந்தை விசுவலிங்கத்திடம் தொடங்கித் தமிழ்நாட்டு மேடைகளிலும் பெயர் எடுத்தார். நாதஸ்வரத்தில் அளவெட்டி பத்மநாதன். அந்த மரபு இன்னும் கோயில் வீதிகளில் வாசித்துக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்காமல் ஒரு பிள்ளை குளிரூட்டிய மண்டபத்தில் எட்டு நாள் இசை படித்தால் எனக்கு மனம் ஒப்பாது.

ஆனால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினால் மட்டும் போதாது. கச்சான் கடையும் ஐஸ்கிரீமும் இருக்கும் இடத்தில் பிள்ளை எதைப் பார்க்கும் என்று எல்லாருக்கும் தெரியும். மகனிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். தவில்காரரின் வலக்கை விரல்களில் இருக்கும் கூடுகளையும் இடக்கைக் கழியையும் கிட்ட நின்று பார்த்து, எந்தச் சொல் எந்தக் கையில் இருந்து வருகிறது என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். மிருதங்கம் படிக்கிற பிள்ளைக்கு அது ஒரு வகுப்பு.

அக்காவின் மகளைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். அவள் அங்கே நான்கு வருடம் பாட்டுப் படித்திருக்கிறாள். சாகித்தியத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் பாடுவாள். ழகரமும் ளகரமும் ஒன்றாகத்தான் வரும், ஆனால் சுருதி சுத்தம். மூன்று கிழமைக்கு வருகிற பிள்ளைக்குப் புது ரீச்சர் வைத்துப் பயன் இல்லை. அவர் பாடாந்தரம், அதாவது பாடிச் சொல்லித் தரும் முறை, வேறாக இருக்கும், பிள்ளை குழம்பும். ஆனால் இங்கே உள்ள பிள்ளைகளோடு காலையில் இருந்து மத்தியானம் வரை பாடி, சண்டை பிடித்து, சாப்பிட்டு எழும்பினால் அவள் வாயில் தமிழ் தானாக உட்காரும். மூவரிலும் முகாம் கட்டாயம் தேவைப்படுகிற பிள்ளை அவள்தான். மகளையும் அவளோடேயே சேர்க்கிறேன், ஒருவருக்கொருவர் துணை.

முகாமைத் தெரிவு செய்ய நேரில் போய்ப் பார்த்தேன். ஒரு ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். பத்துக்குள் என்றால் நல்லது, பதினைந்து தாண்டினால் எனக்குச் சரிவராது. ஒத்திகை எந்த நாளில் தொடங்கும் என்றும் கேட்டேன். கடைசி இரண்டு நாள் என்றார்கள், அது போதும். பொம்பிளைப் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பிள்ளையை யார் வந்தால் விடுவார்கள், முழு நேரமும் ஒரு பெண் ஆசிரியராவது நிற்பாரா என்பதையும் கேட்டேன். இதைக் கேட்க வெட்கப்படத் தேவையில்லை. நல்ல இடத்தில் இருப்பவர்கள் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷமாகவே பதில் சொல்வார்கள். தகரக் கூரை மண்டபம் என்றால் பதினொரு மணிக்கு மேல் உள்ளே இருக்க ஏலாது. சோளகம் வீசினாலும் வெயில் வெயில்தான். நான் தெரிவு செய்த இடம் பழைய ஓட்டு வீடு, பின்னால் வேப்பமரம்.

விடுமுறை முன்பு போல ஒரு மாதம் இல்லை. எட்டு நாள் முகாம் என்றால் விடுமுறையின் பெரும்பகுதி அதற்கே போய்விடும். அம்மம்மா வீட்டுக்குப் போவதும், கீரிமலைக்குப் போவதும் மிச்ச நாளுக்குள் அடங்க வேண்டும். அதனால்தான் மகளுக்கு இந்த விடுமுறையில் ரீச்சரின் வகுப்பை நிறுத்தி வைத்திருக்கிறேன், இரண்டையும் சேர்த்துத் திணிக்கவில்லை. ரீச்சரிடம் நேரே போய்ச் சொன்னேன். அவர் கோவிக்கவில்லை. "முகாமில் என்ன பாட்டுச் சொல்லித் தருகினம் என்று எழுதி அனுப்புங்கோ, வந்த பிறகு அதிலே இருந்தே தொடங்குவம்" என்றார். இதை நான் எதிர்பார்க்கவில்லை, ஆனால் முகாமில் கிடைப்பது வீணாகாமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. எட்டு நாளில் மூண்ட ஆசை ஒன்பதாம் நாளில் போய் உட்கார ஓர் இடம் வேண்டும்.

முகாம் முடிந்து வருகிற முதல் வியாழன், பின்னேரம் நான்கு மணி, மகளுக்கு ரீச்சர் வீட்டில் முதல் வயலின் வகுப்பு. பாட்டோடு வயலினும் படிக்க ஆசை என்று அவளாகவே கேட்டாள். எட்டு வயதுக் கைக்கு அரை அளவு வயலின் வேண்டும், முழு அளவு பொருந்தாது. இரண்டு வருடத்தில் அதுவும் சிறிதாகிவிடும் என்பதால் வாங்கவில்லை. இணுவிலில் ஒரு வீட்டில் பிள்ளை வளர்ந்துவிட்டதால் சும்மா இருந்த ஒன்றை இரவல் தந்திருக்கிறார்கள். இரண்டு தந்தி மாற்ற வேண்டும், வில்லுக்குப் பூசப் புதிதாக ரோசின் வேண்டும். நாளைக்கு யாழ்ப்பாணம் ரவுனுக்குப் போகும்போது வாங்கி வருவேன்.